மின்சாரம் நிற்பதற்கு முன்

கணினித் தடயவியல் என்றதும் வன்தட்டைக் கழற்றி நகலெடுத்து, அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்கும் பணியே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. ஆனால், வன்தட்டில் எதையும் எழுதாமல் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே குடியிருந்து மறையும் நச்சுநிரல்கள் வந்துவிட்ட பின்னர், அந்தப் பணி மட்டும் போதுவதில்லை. எந்த நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, எந்த முகவரியோடு இணையத் தொடர்பு திறந்திருக்கிறது, பூட்டிய கோப்புகளைத் திறக்கும் மறையாக்கச் சாவி எது என்பவையெல்லாம் ராமில்தான் இருக்கின்றன. மின்சாரம் நின்றால் அவை கலைந்துவிடுகின்றன. நின்ற கணமே கலைவதில்லை என்பதை 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்: தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ராம் சில்லுகளை மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்தபோது, மின்சாரமின்றிப் பத்து நிமிடங்கள் கழிந்தும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பிட்டுகளே சிதைந்திருந்தன.

இருப்பினும், இயந்திரத்தை அணைக்காமலே நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகப் படியெடுப்பதே வழக்கமான நடைமுறை. விண்டோஸுக்கு வின்பிமெம், லினக்ஸுக்கு லைம், மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏவிஎம்எல் ஆகியவை இதற்கான திறமூலக் கருவிகள். அதாவது, மூல நிரல் எவரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டவை. படியெடுக்கும் கருவியும் அதே நினைவகத்தில் ஏறித்தான் ஓட வேண்டும் என்பதால், தடயத்தின் ஒரு சிறு பகுதியை அதுவே மிதித்து அழிக்கிறது; அது படியெடுத்து முடிப்பதற்குள் மற்ற நிரல்களும் நினைவகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், கிடைக்கும் படி ஓடுகிற கூட்டத்தை எடுத்த நிழற்படம்போல் அங்கங்கே கலங்கியே இருக்கும்.

அந்தப் படி வெறும் பைட்டுகளின் குவியல். அதற்குப் பொருள் சொல்வதில் முதன்மையான கருவி, ஆரன் வால்டர்ஸும் அவரைச் சார்ந்தோரும் உருவாக்கி 2007இல் வெளியிட்ட வொலட்டிலிட்டி. விண்டோஸ், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தில் ஒரு பதிவை வைத்து, அந்தப் பதிவுகளைக் கைகோத்து நிற்கும் பிள்ளைகளைப்போல் முன்னும் பின்னும் இணைத்து வைக்கிறது. கள்ள நிரல் தன் பதிவை இடையிலிருந்து உருவிக்கொண்டு இருபுறத்தாரின் கைகளைச் சேர்த்துவிட்டால், வரிசையை எண்ணுகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆகவே வொலட்டிலிட்டி வரிசையைத் தொடர்ந்து சென்று ஒரு பட்டியலையும், வரிசையைப் பொருட்படுத்தாமல் நினைவகம் முழுவதையும் துழாவிப் பதிவின் அடையாளம் தென்படும் இடங்களைக் கொண்டு மற்றொரு பட்டியலையும் தருகிறது. இரண்டாவதில் இருந்து முதலாவதில் இல்லாத பெயரே சந்தேகத்துக்குரியது.

ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல் தாக்கிய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றின் நினைவகப் படி, இத்துறைக்குப் புதிதாக வருவோரின் பாடமாகவே ஆகிவிட்டது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் எல்சாஸ் என்னும் நிரல் அங்கே ஒன்றுதான் இருக்க வேண்டும். பட்டியலிலோ 680, 868, 1928 என்னும் அடையாள எண்களில் மூன்று நிற்கின்றன. அவற்றுள் 680ஐத் தொடங்கி வைத்தது, முறைப்படி அதைத் தொடங்க வேண்டிய வின்லாகன். மற்ற இரண்டும் சர்வீசஸ் என்னும் வேறொரு நிரலுக்குப் பிறந்தவை. பெயரைத் திருடியவன் பெற்றோரை மாற்ற மறந்துவிட்டான்.

இத்தகைய கருவிகள் திறமூலமாக இருப்பது, விலை மிச்சம் என்பதைக் காட்டிலும் பெரிய காரணத்தால் முக்கியமாகிறது. விண்டோஸின் உள்ளமைப்பில் பெரும்பகுதி முறையாக ஆவணப்படுத்தப்படாதது, பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. அதைத் துருவி அறியும் வேலை பலருடைய கூட்டு உழைப்பைக் கோருகிறது. மேலும், நச்சுநிரல் இருந்தது என்று ஒரு கருவி சொன்னால், எந்தப் பைட்டைக் கொண்டு அப்படிச் சொன்னது என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வல்லுநர் கேட்கலாம்; மூல நிரல் திறந்திருந்தால் அந்தக் கேள்விக்கு வரிவரியாக விடை காட்ட முடியும். திறந்திருப்பதாலேயே ஆயுள் கெட்டியாகிவிடுவதில்லை என்பதும் உண்மை: வொலட்டிலிட்டியிலிருந்து பிரிந்து கூகுள் பொறியாளர்களின் கையில் வளர்ந்த ரீகால், பின்னர் பராமரிப்பாரின்றி நின்றுவிட்டது.

2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அட்ரியன் கினே என்பவர் வானாகீ என்னும் திறமூலக் கருவியை வெளியிட்டார். பூட்டுவதற்குரிய பொதுச்சாவி இரண்டு மிகப் பெரிய பகா எண்களின் பெருக்கலிலிருந்து பிறப்பது. வானாக்ரை, திறப்பதற்குரிய தனிச்சாவியை மறைத்துவிட்டபோதிலும், விண்டோஸ் எக்ஸ்பி அந்தப் பகா எண்களை நினைவகத்திலிருந்து துடைக்காமலே விட்டிருந்தது. வானாகீ நினைவகத்தைத் துழாவி, பொதுச்சாவியின் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணைத் தேடியது. அது கிடைத்தால் பணம் கட்டாமலே பூட்டைத் திறக்கலாம். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டவர்களுக்கு அந்த எண் கிடைக்கவில்லை.