திங்கட்கிழமை ஏன் இவ்வளவு கனக்குது?

சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. திங்கட்கிழமை ஆனா எந்திரிக்கவே முடியல. அம்மாகிட்ட போன்ல புலம்பினேன். போடியில ஜீப் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையில 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க.

"நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்ச?"

"பன்னெண்டு."

"நான் லீவுன்னாலும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சிருவேன்டா."

விஷயமே அதுதான். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் சரிசெய்யுது. சனி, ஞாயிறு மதியம் வரைக்கும் தூங்கினா அது பின்தங்கிடும். ஞாயிறு ராத்திரி தூக்கம் வராது. திங்கள் காலையில அலாரம் அடிக்கும்போது உடம்புக்கு இன்னும் விடியல.

இப்போ லீவு நாள்லயும் ஏழு மணிக்கு மொட்டைமாடியில நின்னு அம்மாவுக்குப் போன் போடுறேன். அசதியா இருக்குன்னு அவங்க சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல. இப்போ கேக்குறேன்.