இழைமணிகளும் எமது வாழ்க்கை முறையும்

இழைமணி என்னுஞ் சொல்லைத் தமது உயிரியற் பாடநூலிலே கண்டிராத மாணாக்கர் இலர். கலத்தின் ஆற்றல் நிலையம் என்று அதற்கு வரைவிலக்கணங் கூறிப் பரீட்சையிலே புள்ளி பெற்று, பின்னர் அதனை மறந்துவிடுதலே பெரும்பாலார் வழக்கம். கலைப்பட்டதாரியாகிய யானும் அதனைப் பிறர் படிக்கும் பாடமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நாற்பது வயது கடந்தபின் ஒருநாள், குருதியிலே சீனியின் அளவு உயர்ந்துள்ளது என்று வைத்தியர் கூறினார். அதன் காரணத்தை நூல்களிலே தேடப் புகுந்தபோதுதான், இழைமணி என் தொடைத் தசைக்கும் உரிய பாடம் என்பதை உணர்ந்தேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை. விஞ்ஞான ஆசிரியர்கள் இதிற் குறை காண்பாராயின் திருத்தி உதவுவாராக.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். கிரேக்க மொழியிலே இழையைக் குறிக்குஞ் சொல்லையும் மணியைக் குறிக்குஞ் சொல்லையும் இணைத்துக் காள் பெண்டா என்னும் செருமானிய அறிஞர் 1898ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். இலங்கையிலே கலைச்சொல் ஆக்கியோர் அதனை அவ்வாறே பெயர்த்து இழைமணி என்றனர். ஒலிபெயர்த்து எழுதுதலினும் இது சாலச் சிறந்தது என்பது என் துணிபு; ஏனெனிற் பொருளின் இயல்பு சொல்லிலேயே விளங்குகின்றது. இவை சில வேளைகளில் நீண்ட இழைகளாய் ஒன்றோடொன்று இணைந்தும், சில வேளைகளிற் சிறு மணிகளாய்ப் பிரிந்தும், கலத்தினுள்ளே ஓயாது உருமாறிக்கொண்டிருப்பன.

பெண்டாவுக்கு முன்னரே, 1890இல், ரிச்சாட் அல்ற்மன் என்பார் இவற்றைக் கலத்தினுள் வாழும் தனி உயிர்கள் எனக் கருதினார். அன்று அக்கருத்தை ஏற்றார் மிகச் சிலரே. ஆயினும் 1963இல் இழைமணியினுள்ளே அதற்கே உரிய டி.என்.ஏ. உண்டென்று காணப்பட்டது. பண்டைக் காலத்துப் பற்றீரியம் ஒன்று பிறிதொரு கலத்தினுட் புகுந்து தங்கியதன் வழித்தோன்றலே இழைமணி என்னுங் கொள்கையை 1967இல் லின் மாகுலிஸ் அம்மையார் விரித்துரைத்தார். இன்று அதுவே ஏற்கப்பட்டுள்ளது. மனித இழைமணியின் டி.என்.ஏ. முழுவதும் 1981இல் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டபோது 16,569 எழுத்துக்களும் 37 பரம்பரையலகுகளும் அதிலிருக்கக் கண்டனர். இதனை எமக்கு அளிப்பவள் தாயே. தந்தையின் பங்கு இதில் இல்லையென்றே கூறலாம்.

இனி, இது தொழிற்படும் முறை. நாம் உண்ட மாப்பொருளும் கொழுப்பும் சிறு மூலக்கூறுகளாகச் சிதைந்து இழைமணியை அடைகின்றன. அங்கே அவற்றிலிருந்து பிரிக்கப்படும் இலத்திரன்கள் மென்சவ்விலுள்ள நொதியத் தொடரின் வழியே படிப்படியாக இறங்கி, ஈற்றிலே நாம் சுவாசித்த ஒட்சிசனை அடைகின்றன. அவ்வாறு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், புரோத்தன்களை மென்சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குத் தள்ளுகின்றது. இலக்சபானாவிலே மலையிலே தேக்கிய நீரைக் குழாய்வழி இறக்கிச் சுழலியைச் சுற்றச்செய்து மின் பெறுகிறார்களல்லவா? அதுபோல, தேங்கிய புரோத்தன்கள் திரும்பிப் பாயும் வழியிலே உண்மையாகவே சுழலுகின்ற ஒரு நொதியம் இருந்து, அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் ஆற்றல் நாணயத்தை ஆக்குகின்றது. 1961இலே பீற்றர் மிற்செல் இதனைக் கூறியபோது நம்பினார் சிலர். 1978இல் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. வளர்ந்த மனிதன் ஒருவன் ஒரு நாளிற் புதுக்கிப் புதுக்கிச் செலவிடும் இந்நாணயத்தின் நிறை ஏறத்தாழ அவன் உடல் நிறையளவு எனக் கணக்கிட்டுள்ளனர்.

இத்தகைய ஆலையொன்று நலிவது எங்ஙனம்? எரிபொருளை ஏற்கும் வாயில் அடைபடலாம்; உள்ளிருக்கும் தொடரை நஞ்சு தடுக்கலாம்; வேலையின்றிக் கிடந்து ஆலைகளே தொகையிற் குறையலாம்; தேவைக்கு மிஞ்சிய எரிபொருளிலே அவை திணறலாம். பிறவியிலேயே பழுதுற்று வருவனவும் உண்டு.

வாயில் அடைபடுதலுக்குத் தமிழரோடு தொடர்புடைய சான்றொன்று உளது. பெரிபெரி என்னும் நோயைப் பழைய வைத்திய நூல்கள் விரிவாகப் பேசும். அப்பெயர் இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் வழி வந்தது என்பர். கால் மரத்தும் வீங்கியும் நடை தளர்ந்தும் ஈற்றில் இருதயஞ் சோர்ந்தும் நோயாளி இறப்பான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவிற் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெருந்தொகையினராய் இதனால் மாண்டனர். அதே நாட்டிலே உழைத்த தமிழரை இந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் இதனைக் கருத்தூன்றி நோக்கி, சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்னும் வேறுபாட்டை 1907இல் நூலாக எழுதினார். வெள்ளையரிசியிலே நஞ்சொன்று உண்டாகின்றது என அவர் கொண்ட முடிபு பிழையே. ஆயினும் கண்ட காட்சி பிழையன்று.

கோலாலம்பூரிலிருந்த மனநோய் வைத்தியசாலையிலே வில்லியம் பிளெச்சர் என்பவர் 1905ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி ஓராண்டுக்கு இதனைப் பரீட்சித்தார். நோயாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளையரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முதற் பகுதியில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். இரண்டாம் பகுதியில் ஒருவரும் இறந்திலர். பின்னர் பிறேசர், ஸ்ராண்டன் என்னும் இருவர், குறை அரிசியிலிருக்கும் நஞ்சிலன்று, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் பொருளிலேயே என்று தெளிவித்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அப்பொருள் அரிசியின் உள்ளே சென்று தங்குகின்றது. ஆதலின் ஆலையிலே தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. எம் பாட்டிமார் அண்டாவிலே நெல் அவித்தபோது இழைமணிக்கு வாயில் திறந்துவைத்தனர் என அறிந்தாரல்லர்.

அப்பொருளே தயமின் என்னும் விற்றமின். 1926இல் அது யாவாவிலே தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. ஒக்ஸ்போட்டிலே ருடொல்வ் பீற்றர்ஸ் என்னும் பேராசிரியர், தயமின் குறைந்த புறாக்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தார். அது வேண்டிய அளவு ஒட்சிசனை உட்கொள்ளாது கிடந்தது. தயமினைச் சேர்த்ததும் மீண்டும் உட்கொண்டது. மாப்பொருள் சிதைந்து உண்டாகும் பைருவிக்கமிலம் இழைமணியினுள்ளே மேலும் எரிவதற்கு இன்றியமையாத நொதியம் தயமினின்றித் தொழிற்படாது. உலையிலே விறகு நிறைந்திருக்க, அடுப்பு வாய் மூடப்பட்ட நிலை அது. ஆற்றலை மிகுதியாய் வேண்டும் நரம்பும் இருதயமும் முதலிலே வீழ்ந்ததன் காரணமும் அதுவே. பெரிபெரி இன்று அரிதாயினும் முற்றாக மறைந்ததன்று. சாராயத்துக்கு அடிமையாகிச் சோற்றை மறந்தோரிடத்தே இதே குறை இன்றுந் தோன்றுகின்றது. அன்றியும், மதுசாரத்தைச் சிதைக்கும் வேலையின் பெரும்பகுதி ஈரலின் இழைமணிகள் மீதே விழுவதால், நெடுங்குடியரின் ஈரலில் அவை வீங்கி உருமாறியிருப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே காணலாம்.

நஞ்சுகளைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. புகையிலைப் புகையிலே உள்ள காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும், இலத்திரன் ஒட்சிசனைச் சேரும் கடைசிப் படியையே அடைக்கவல்லன. சுருட்டாயினும் சிகரெட்டாயினும் இதில் வேறுபாடில்லை. சில மருந்துகளும் இழைமணியைத் தாக்கும். அது பற்றீரியத்தின் வழித்தோன்றல் ஆதலின், பற்றீரியத்தைக் கொல்லும் மருந்துகளுட் சில அதனையும் தீண்டுதல் வியப்பன்று. ஸ்ரெப்ரோமைசின் இனத்து மருந்துகளாற் சிலர் செவிப்புலன் இழப்பதற்கு இழைமணி டி.என்.ஏ.யிலுள்ள ஒரு சிறு மாற்றமே ஏதுவாகின்றது என 1993இற் கண்டனர். இதனைப் படித்துவிட்டு வைத்தியர் தந்த மருந்தைத் தாமாகவே நிறுத்துவார் உளராயின் அவர் இழைமணியை அன்று, உயிரையே இடருக்குள்ளாக்குவார்.

எமது காலத்துப் பெருங்காரணம் உடலுழைப்பின்மையே. 1967இல் ஜோன் ஹொலோசி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எலிகளைச் சுழலும் பட்டியின் மேல் நாள்தோறும் ஓடச் செய்து, பன்னிரண்டு கிழமைகளின் பின் அவற்றின் தசையை ஆராய்ந்தார். இழைமணிகளின் சுவாச நொதியங்கள் ஏறத்தாழ இருமடங்காயிருந்தன. தசை தன் நாணயத்தைச் செலவிட்டுக் குறைவுறும்போது, அக்குறைவே ஓர் அறிவிப்பாகிக் கலக்கருவை எட்டுகின்றது. 1998இல் அறியப்பட்ட ஒரு புரதம் அவ்வறிவிப்பை ஏற்றுப் புதிய இழைமணிகளை ஆக்கும் பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. உழைப்பு நின்றாற் சில கிழமைகளிலேயே அப்பெருக்கம் கரைந்துவிடும். பயன்படாத ஆலையை உடம்பு வைத்துப் பேணுவதில்லை.

இதிலும் வியப்பான செய்தி அமெரிக்காவின் டலஸ் நகரிலிருந்து வருவது. 1966இல் இருபது வயதினரான இளைஞர் ஐவரை மூன்று கிழமை படுக்கையிலேயே கிடத்தினர். ஒட்சிசனைப் பயன்படுத்தும் அவர்களது உச்ச ஆற்றல் நாலிலொன்றுக்கு மேலாகக் குறைந்தது. முப்பது ஆண்டு கழித்து, அதே ஐவரையும் ஐம்பது வயதிலே அழைத்து மீண்டும் அளந்தனர். முப்பது ஆண்டு மூப்பினால் வந்த இழப்பு அந்த மூன்று கிழமைப் படுக்கையால் வந்த இழப்பினுங் குறைவாயிருந்தது! பின்னர் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், துவிச்சக்கர வண்டி எனப் படிப்படியாய்ப் பயிற்சி அளித்தபோது, முதுமையாற் போனதென்று கருதிய ஆற்றல் இளமையிற் படுக்கைக்கு முன்னிருந்த அளவுக்கு மீண்டது. இருதயம் முன்னிலும் மிகுதியாகக் குருதி இறைத்ததனால் அன்று, வந்த குருதியிலிருந்து தசைகள் மிகுதியாக ஒட்சிசனைப் பிரித்தெடுத்ததனாலேயே அது நிகழ்ந்தது. காலை வகுப்பு, பள்ளிக்கூடம், மாலை வகுப்பு, இரவிலே கைத்தொலைபேசி என எம் பிள்ளைகள் இருக்கையை விட்டெழாது கழிக்கும் நாட்களை எண்ணுந்தோறும் அம்மூன்று கிழமைகளே என் நினைவுக்கு வருகின்றன.

உழைப்பின்மையோடு மிகையுணவும் சேருமாயின் இன்னல் இரட்டிக்கும். செலவிடுவாரின்றி எரிபொருள் வந்து குவியும்போது இலத்திரன்கள் தொடரிலே நெருங்கி நின்று இடைவழியில் ஒழுகி, ஒட்சிசனோடு கூடி, தீங்கு செய்யும் மூலிகங்களாகின்றன. எரியாத கொழுப்பு தசையினுள்ளே தேங்கி இன்சுலினின் சொல்லைத் தசை கேளாதவாறு செய்கின்றது. இதுவே சலரோகத்தின் தோற்றுவாய்களுள் ஒன்று. அந்நோயுள்ள பெற்றோருக்குப் பிறந்து, இன்சுலினுக்குச் செவ்வனே இணங்காத இளைஞரின் தசையிலே இழைமணிகளின் தொழிற்பாடு ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருப்பதை 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. குறைந்த இழைமணி நோயைத் தந்ததா, நோய் இழைமணியைக் குறைத்ததா என்னும் வழக்கு இன்னுந் தீரவில்லை. உண்ணாதிருக்கும் பொழுதிற் பழுதுற்ற இழைமணிகளைக் கலம் தானே விழுங்கிச் செப்பஞ் செய்கிறது என்பர். பகலெல்லாம் விரதமிருந்து இரவிலே வடையும் பாயசமுமாய் ஈடுசெய்யும் எம்மனோர்க்கு அதனால் எவ்வளவு பயனோ, யானறியேன்.

மூலிகங்கள் தீயன எனின் அவற்றை அழிக்கும் மாத்திரைகளை உண்ணலாமே என்று கேட்பார் உளர். அவ்வாறு கூறி விற்போரும் மிகப் பலர். 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், இளைஞர் சிலர் நான்கு கிழமை உடற்பயிற்சி செய்தனர். அவருட் பாதிப்பேர் விற்றமின் சீயும் ஈயும் மிகுதியாக உட்கொண்டனர். மாத்திரை உண்ணாதோர்க்கு இன்சுலினின் பயன் பெருகிற்று, உண்டோர்க்குப் பெருகவில்லை. உழைப்பின்போது சிறிதளவு தோன்றும் மூலிகமே இழைமணியைப் பெருக்குவதற்கு உரிய அறிவிப்புகளுள் ஒன்று என்பது அதனாற் புலனாயிற்று. கைக்காசைக் கொடுத்து வாங்கிய மாத்திரை கால்பட்ட பாட்டை வீணாக்கிய கதை இது.

இங்கே ஒன்றைக் கூறாது விடின் அநீதியாகும். 1962இல் சுவீடன் நாட்டு வைத்தியர் றொல்வ் லுவ்ற் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவள் மிக உண்டும் மெலிந்து, இடையறாது வியர்த்து வருந்தினாள். அவளுடைய இழைமணிகள் எரிபொருளை எரித்தும் நாணயத்தைச் செவ்வனே ஆக்காது வெப்பமாகவே சிந்தின. இழைமணியின் பிறவிக் கோளாறு எனத் தெளியப்பட்ட முதல் நோய் அது. அத்தகைய கோளாற்றோடு பிறந்து, தசை தளர்ந்தோ பார்வை மங்கியோ வாழும் பிள்ளையை நோக்கி, ஓடியாடாததால் வந்த வினை என்று ஒருவர் கூறுவாராயின் அவர் இக்கட்டுரையைத் தவறாக வாசித்தவராவர். விளையாட்டு ஆசிரியர்கள் இதனை மனங்கொள்ளல் வேண்டும். பின்தங்கும் மாணவன் எல்லோரும் சோம்பேறியல்லன்.

யான் பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீற்றர் தொலைவில் வாழ்பவன். ஆசிரியனாய்ச் சேர்ந்த நாளில் துவிச்சக்கர வண்டியிலே சென்றேன். பின்னர் உந்துருளி வாங்கினேன். 2022ஆம் ஆண்டிலே பெற்றோல் கிடையாது நாடு முழுவதும் வரிசையிலே நின்றபோது, கொல்லையிலே துருவேறிக் கிடந்த பழைய வண்டியைத் திருத்தி மிதித்தேன். முதற் கிழமையில் இருமுறை இறங்கி நின்று மூச்சு வாங்கினேன். என்னைக் கடந்து சென்ற மாணாக்கர் கண்டுங் காணாதவர்போற் சென்றனர். இரண்டு மாதம் கழிய, பாடசாலை வாயில் வரை இறங்காது செல்ல இயன்றது. தொடையிலே புதிய இழைமணிகள் தோன்றிவிட்டன என்று எனக்கு அப்போது தெரியாது. பெற்றோல் வந்ததும் வண்டி மீண்டும் கொல்லைக்குப் போயிற்று. குருதிச் சோதனையின் முடிவு அதன் பின்னரே வந்தது. இப்போது கிழமையில் மூன்று நாள் மிதிக்கின்றேன். சென்ற தவணை விடுமுறையில் எடுத்த சோதனையிற் சீனியின் அளவு சிறிது இறங்கியிருந்தது. அது வண்டியாலோ, இரவுச் சோற்றைக் குறைத்தமையாலோ என்று பிரித்துக் கூற வைத்தியராலும் இயலவில்லை.