கிடங்கில் புகும் ஈரம்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் வட்டாரத்தில் மானாவாரி மணிலாக்கொட்டை பிடுங்கும் காலமும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. வானத்தைப் பார்த்துக்கொண்டே செடியைப் பிடுங்கும் உழவர், மழைக்கு அஞ்சிக் காய் நன்கு உலருமுன்னரே மூட்டை கட்டிவிடுகிறார். அதே மாதங்களில், தீபாவளி விற்பனையில் மிஞ்சிய வேட்டிகளும் சேலைகளும் நெசவாளர் சங்கங்களின் அலமாரிகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. பூசணத்திற்கு இதனினும் ஏற்ற பருவம் வேறில்லை.

ஒரு சங்கத்தின் கிடங்கைத் தணிக்கை செய்ய நாம் சென்றிருந்தோம். இருப்புப் புத்தகத்தின்படி மூட்டைகளின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆயினும் சுவரோரத்து மூட்டையை அவிழ்த்ததும் மக்கிய வாடை வீசிற்று. பருப்பின் மேல் பச்சை நிறத்தூள் படிந்திருந்தது. ஓர் அங்கத்தினர் அரைகுறையாக உலர்ந்த காயைக் கொண்டுவர, அவர்பால் இரக்கங்கொண்டு அதனை ஏற்றிருந்தனர். அம்மூட்டைகளின் ஈரம் அண்டை மூட்டைகளையும் பற்றிக்கொண்டது. ஒருவருக்கு நேரவேண்டிய நஷ்டம் பலருக்கு நேர்ந்தது.

பூசணத்தின் நுண்வித்துக்கள் காற்றில் எங்கும் நிறைந்துள்ளன. அவற்றை அறவே ஒழித்தல் இயலாது. ஆனால் ஈரமின்றி அவை முளைப்பதில்லை. ஆகவே ஈரத்தைத் தடுப்பதே பூசணத்தைத் தடுப்பதாகும்.

இதனை வெறும் விலைக்குறைவு என்று எண்ணுதல் பிழை. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் கலந்திருந்த பூசணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கே காரணமெனத் தெரிந்தது. அதிலிருந்த நஞ்சுக்கு அப்லாடாக்சின் என்று பெயரிட்டனர். 1974-இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் நோயால் இறந்தனர். வேகவைப்பதாலும் வறுப்பதாலும் இந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கிலே தங்குகிறது. அதனைத் தின்னும் பசுவின் பாலிலும் ஒரு பகுதி இறங்குகிறது. கெட்ட பருப்பை நல்ல பருப்புடன் கலந்து தள்ளிவிடலாம் என்போர், அப்பாலைப் பருகும் குழந்தையை நினைத்துப் பார்ப்பார்களாக.

செய்யவேண்டியவை எளியவையே. பிடுங்கியபோது நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரை ஈரமுள்ள காயை, 8 பங்கு அளவிற்கு வரும்வரை உலர்த்தவேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கவேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் உரியவேண்டும். ஈரமானியுள்ள சங்கங்கள் அதனைப் பெட்டியில் பூட்டிவையாமல், கிடங்கின் வாயிலிலேயே பயன்படுத்துதல் நன்று. ஈரமுள்ள மூட்டையை உலர்த்திக் கொண்டுவரும்படி திருப்பியனுப்புவது கொடுமையன்று. ஏனைய அங்கத்தினருக்குச் செய்யும் கடமை.

மூட்டைகளை வெறுந்தரையில் வையாது, மரச்சட்டங்களின் மேல் அடுக்குக. சுவருக்கும் அடுக்கிற்கும் இடையே ஓர் ஆள் நடமாட வழி விடுக. மழைக்கு முன்பே கூரையின் ஒழுக்கையும் தண்ணீர்த் தாரையின் அடைப்பையும் சரிசெய்க. மழைநாளில் சன்னல்களைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றே உள்ளே வரும். வெயிலடிக்கும் உலர்ந்த பகற்பொழுதில் திறந்து, மாலையில் மூடுதலே முறை. கறுத்த சுவரின் மேல் சுண்ணாம்பு பூசுவதால் கறை மறையுமேயன்றிக் கசிவு நிற்காது.

நெசவாளருக்கும் ஒரு சொல். பாவுக்கு இடும் கஞ்சி பூசணத்திற்கு நல்ல உணவு. தறியில் நூல் அறாதிருக்கச் சிறிது ஈரம் வேண்டும்; அந்த ஈரம் துணியோடு அலமாரிக்குச் செல்லலாகாது. அறுத்தெடுத்த துணியை நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே மடிக்கவேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி வைத்து, மழை மாதங்களில் வாரம் ஒருமுறை மடிப்பைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

ஓமந்தூர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த இராமசாமி ரெட்டியாரை ஈன்ற ஊர். உழவர் குடியில் பிறந்த அவர், பொதுச் சொத்தில் காட்டிய கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். கிடங்கும் பொதுச் சொத்தே. அதன் கதவைச் சாத்துமுன், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது காரியதரிசியின் வேலை மட்டுமன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரின் வேலையுமாகும்.