தந்தையின் பேனைக்கு ஏற்ற பெட்டி எது?

ஊரைவிட்டுப் புறப்பட்ட வேளையில் எம்மவர் பலர் கையோடு எடுத்துவந்தவை சில புகைப்படங்களும் சான்றிதழ்களுமே. அவற்றோடு ஓர் ஊற்றுப்பேனையும் வந்து சேர்ந்த வீடுகள் ரொறன்ரோவில் உண்டு. என் வீட்டிலுள்ளது ஆசிரியராயிருந்த தந்தையாருடையது; கறுப்பு எபனைற்றில் கடைந்தெடுக்கப்பட்டது. அதற்கும் பின்னர் சேர்த்த சில பேனைகளுக்குமாகக் கண்ணாடி மூடியுள்ள பெட்டியொன்றை வாங்கி, ஸ்காபரோவில் யன்னலோரம் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். இரு கோடைகள் கழிந்தன. பேனையின் மேற்புறம் மண்ணிறமாயிற்று; வெளிச்சம் படாத அடிப்புறம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

எபனைற் என்பது இறப்பருடன் ஏறத்தாழ 30 வீதம் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய பொருள். ஒளியும் ஈரமும் படப்பட அதன் மேற்பரப்புச் சிதைந்து கந்தக அமிலம் கசிகிறது. தமிழ்நாட்டின் திருவள்ளூரில் இன்றும் கையாற் கடையப்படும் ரங்கா பேனைகளுட் பலவும் இவ்வகையினவே. ஆகவே கண்ணாடி மூடி வேண்டாம் என்பதே என் முதல் ஆலோசனை. கடைக்காரர் வேறு சொல்லக்கூடும்.

அயலும் முக்கியம். எபனைற்றிலிருந்து வெளிப்படும் கந்தகம் பக்கத்திலுள்ள வெள்ளி மூடியைக் கறுக்கச் செய்யும். பழைய செலுலோயிட் பேனைகளோ இன்னும் பொல்லாதவை. அவை சிதையும்போது வெளிவரும் அமில ஆவி, காற்றுப் புகாத பெட்டிக்குள் தேங்கி மற்றவற்றையும் அரிக்கும். அவற்றைத் தனியாக, காற்றோட்டத்துடன் வைத்தல் வேண்டும். 1941இல் வெளிவந்த பாக்கர் 51 அக்ரிலிக்கினால் ஆனது. அதைப்பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

ஒட்டாவாவில் 1972இல் நிறுவப்பட்ட கனடிய பாதுகாப்பு நிறுவகம், அரும்பொருட் காட்சியகங்களுக்காக இத்தகைய விடயங்களை ஆராய்ந்து குறிப்புகள் வெளியிட்டு வருகிறது. ஓக் மரம் அசற்றிக் அமில ஆவியை வெளிவிடும். புதிதாக வார்னிஷ் பூசிய பெட்டியும் ஆவி விடும். உள்ளே பஞ்சுபோன்ற பிளாஸ்ரிக் மெத்தை இருப்பின் அகற்றிவிடுங்கள். அது நாளடைவில் பொடியாகும், அல்லது பேனையில் ஒட்டும். சாயமற்ற, துவைத்துலர்த்திய பருத்தித் துணியே போதும்.

இங்குள்ள குளிர்காலத்தை மறத்தலாகாது. வெப்பமூட்டி இயங்கும் மாதங்களில் வீட்டுக் காற்று மிக வரண்டுவிடுகிறது. மரம் சுருங்கி வெடிக்கும், பேனைக்குள் விட்ட மை விரைவிற் காய்ந்து உறையும். மையை வெளியேற்றி, நாவைக் குளிர்ந்த நீரிற் கழுவி உலர்த்திய பின்னரே பேனையைப் பெட்டியில் இடவேண்டும். எபனைற் உடலை நீரில் ஊறவிடக்கூடாது. பெட்டியை வெளிச்சுவரிலோ வெப்பமூட்டியின் மேலோ அன்றி, உள்ளறை அலுமாரியின் லாச்சியில் வைப்பது நன்று.

என்னுடைய பேனை இப்போது சாதாரண மரமூடிப் பெட்டியில் இருக்கிறது. விருந்தினர் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். அந்த மண்ணிறத்தை மெருகிட்டு நீக்கலாம் என்கின்றனர். தந்தையாரின் விரல் பட்டுத் தேய்ந்த இடமும் அதனோடு போய்விடும் என்பதால் நான் அதற்கு இணங்கவில்லை.