படையில்லாத நீதிமன்றமும் ஒரு படைத்தளமும்

கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டியாகோ கார்சியா. சாகோஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரிய தீவு. 1991 வளைகுடாப் போர், 2001 ஆப்கானிஸ்தான், 2003 இராக் ஆகிய மூன்று போர்களிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. தீவை ஆள்வது பிரிட்டன், தளத்தை நடத்துவது அமெரிக்கா. தீவுக்கு உரிமை கோரும் மொரீஷியஸுக்கோ முறையான ராணுவமே கிடையாது.

ஆனாலும் 2025 மே 22 அன்று, சாகோஸ் மொரீஷியஸுக்கே சொந்தம் என்று ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. டியாகோ கார்சியாவை மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு கொடுக்கவும் சம்மதித்தது. தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2019-இல் தந்த ஒரு கருத்துதான் இதற்கு முக்கியக் காரணம். அந்தக் கருத்துக்கு யாரையும் கட்டுப்படுத்தும் வலு இல்லை. இந்த முரணைப் புரிந்துகொள்ள, கதையை 1965-லிருந்து பார்க்க வேண்டும்.

மொரீஷியஸ் அப்போது பிரிட்டனின் காலனி. விடுதலைப் பேச்சுக்காக லண்டன் வந்திருந்த மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலமிடம் பிரதமர் ஹெரால்ட் வில்சன் சாகோஸைக் கேட்டார். சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் தீவுகளைப் பிரிக்க பிரிட்டனுக்கு வழி இருக்கிறது என்பது ராம்கூலமுக்குப் புரியும்படி சொல்லப்பட்டது. 30 லட்சம் பவுண்டு இழப்பீட்டோடு சாகோஸ் தனியாகப் பிரிக்கப்பட்டது. காலனியைத் துண்டாடக் கூடாது என்று அந்த டிசம்பரிலேயே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. லண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு, தீவுகளைப் பாதுகாப்புத் தேவைகளுக்குக் கொடுக்க அமெரிக்காவோடு உடன்பாடு ஏற்பட்டது. கைமாறாக, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் பிரிட்டன் கட்ட வேண்டிய தொகையில் 1.4 கோடி டாலர் சத்தமில்லாமல் தள்ளுபடியானது.

தீவுகளில் மக்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள், இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள். தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்புகளில் கொப்பரை உலர்த்தி வாழ்ந்தவர்கள். இவர்களை நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால், ஐ.நா. சாசனப்படி அவர்களுக்கான பொறுப்பை ஏற்று ஐ.நா.வுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே அங்கே நிரந்தரக் குடிகளே இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டுமே வந்து போகிறார்கள் என்று சொல்லிவிடுவது என அதிகாரிகள் தங்கள் கோப்புகளில் முடிவெடுத்தார்கள். வல்லரசுகள் சர்வதேசச் சட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை என்று சாதாரணமாகச் சொல்கிறோம். பொருட்படுத்தாதவர்கள் எதற்காக இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்ல வேண்டும்? அந்தப் பாதுகாப்புத் திட்டம் முதல் நாளிலிருந்தே சட்டத்துக்கு அஞ்சித்தான் தீட்டப்பட்டது. அந்த அச்சத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் தீவு மக்கள்.

1967-க்கும் 1973-க்கும் இடையில் சுமார் 1,500 முதல் 2,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சிகிச்சைக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. டியாகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்துப் புகைவிட்டுக் கொன்றார்கள். 2018 செப்டம்பரில் லிஸ்பி எலிசே என்ற பெண்மணியின் சாட்சியம் சர்வதேச நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. 1973-இல் பெரோஸ் பன்யோஸ் தீவிலிருந்து கப்பலேற்றப்பட்டபோது அவர் கர்ப்பிணி. இருட்டில் ஆட்களை அடைத்துக்கொண்டு வந்த அந்தப் பயணத்தையும், பிறந்ததும் இறந்துபோன தன் குழந்தையையும் பற்றி அவர் தன் கிரியோல் மொழியில் பேசினார். நீதிபதிகள் முன்னால் வரைபடங்களும் தீர்மானங்களும் குவிந்து கிடந்தன. ஆனாலும் இந்த வழக்கு யாரைப் பற்றியது என்பதை அந்தச் சில நிமிடங்கள்தான் காட்டின என்பேன்.

வழக்கு அங்கே போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. சர்வதேச நீதிமன்றத்தில் ஒரு நாட்டின்மீது நேரடியாக வழக்குத் தொடுக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளுக்குப் பிரிட்டன் அந்தச் சம்மதத்தைத் தருவதில்லை. காமன்வெல்த்தை விட்டு விலகி வழக்குப் போடுவோம் என்று மொரீஷியஸ் சொன்னதும், 2004-இல் பிரிட்டன் முன்னாள் உறுப்பு நாடுகளையும் அந்த விலக்கில் சேர்த்துவிட்டது. 2010-இல் சாகோஸ் கடற்பரப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. இது மொரீஷியஸின் உரிமைகளை மீறும் செயல் என்று கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. நேர்வழி அடைபட்டதால் மொரீஷியஸ் பொதுச்சபையின் கதவைத் தட்டியது. நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்கும் தீர்மானம் 2017 ஜூனில் 94-க்கு 15 என்று நிறைவேறியது. பிரெக்ஸிட் முடிவுக்குப் பிந்தைய சூழலில் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நட்பு நாடுகளே பிரிட்டனுக்குக் கைகொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

2019 பிப்ரவரி 25 அன்று கருத்து வந்தது. சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். எண்ணிக்கை 13-க்கு 1. மாறுபட்ட அந்த ஒருவர் அமெரிக்க நீதிபதி. மே மாதம் பொதுச்சபை 116-க்கு 6 என்ற கணக்கில் அதை வழிமொழிந்து ஆறு மாத அவகாசம் கொடுத்தது. இந்தியா மொரீஷியஸ் பக்கம் வாக்களித்தது.

பிரிட்டன் அசையவில்லை. ‘இது வெறும் ஆலோசனை’ என்றது. அதற்குப் பிறகு நடந்தவைதான் கவனிக்க வேண்டியவை. மொரீஷியஸும் மாலத்தீவும் கடல் எல்லை பிரிக்கும் வழக்கில், 2021 ஜனவரியில் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, சாகோஸ் மீது பிரிட்டன் சொல்லும் உரிமை வாய்ப்பேச்சுக்கு மேல் எதுவுமில்லை என்று தள்ளியது. கட்டுப்படுத்தாத கருத்து, இன்னொரு வழக்கில் கட்டுப்படுத்தும் தீர்ப்புக்கு அடித்தளமாகிவிட்டது. ஐ.நா.வின் உலக வரைபடத்தில் சாகோஸ் மொரீஷியஸின் பகுதியானது. அந்தப் பிரதேசத்துக்கு பிரிட்டன் வெளியிட்ட தபால்தலைகள் செல்லாது என்று உலகத் தபால் ஒன்றியம் அறிவித்தது. தபால்தலைதானே என்று தோன்றலாம். ஆனால் ரேடியோ அலைவரிசை ஒதுக்கீட்டையும் சர்வதேச அமைப்பு ஒன்றுதான் ஒழுங்குபடுத்துகிறது. செயற்கைக்கோள் தொடர்பை நம்பி இயங்கும் தளத்துக்கு அது உயிர்நாடி. பட்டா இல்லாத நிலத்தில் மாளிகை கட்டியவரின் நிலைக்கு பிரிட்டன் வந்து சேர்ந்தது.

2022 நவம்பரில் பேச்சுவார்த்தையைத் தொடங்கியது கன்சர்வேடிவ் அரசு. முடித்தது கியர் ஸ்டார்மரின் லேபர் அரசு. மீண்டும் வழக்கு வந்தால் தோற்போம், தளத்தைக் காப்பாற்ற ஒப்பந்தமே வழி என்பது ஸ்டார்மரின் வாதம். எதிர்க்கட்சியாகிவிட்ட கன்சர்வேடிவ் கட்சி இதைச் சரணாகதி என்கிறது. டொனால்ட் ட்ரம்ப் முதலில் ஆமோதித்துவிட்டு 2026 ஜனவரியில் கடுமையாகச் சாடினார். எதிர்ப்பாளர்களின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1986-இல் நிகரகுவா வழக்கில் அமெரிக்காவுக்கு எதிராகக் கட்டுப்படுத்தும் தீர்ப்பே வந்தது. பாதுகாப்பு கவுன்சிலில் வீட்டோவைப் பயன்படுத்தி அமெரிக்கா அதைக் கடந்துபோனது. அப்படியே பிரிட்டனும் செய்திருக்கலாமே?

செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். உக்ரைனிலும் தென்சீனக் கடலிலும் சட்டத்தை மதியுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்பதையே வெளியுறவுக் கொள்கையாக வைத்திருக்கும் நடுத்தர வல்லரசு அது. சாகோஸில் சட்டத்தை மிதித்துக்கொண்டு அந்தப் பேச்சைத் தொடர்ந்தால் கேட்பார் இருக்க மாட்டார்கள். இன்றைய பாதுகாப்பு என்பது ஓடுபாதையும் எரிபொருள் கிடங்கும் மட்டும் அல்ல. கூட்டாளிகளின் வாக்கும் அலைவரிசையும் கடல் எல்லையும் அதற்குள் வந்துவிட்டன. இவை ஒவ்வொன்றையும் சட்டம் தொடுகிறது.

இந்தக் கதையில் ஈழத் தமிழர்களும் இருக்கிறார்கள். கனடா செல்லக் கிளம்பிய படகு ஒன்று 2021 அக்டோபரில் கடலில் தத்தளித்து, அதிலிருந்தவர்கள் டியாகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டார்கள். வேலியடைத்த முகாமில், எலிகள் ஓடும் கூடாரங்களில், குழந்தைகளோடு மூன்று ஆண்டுகள். அவர்களுடைய வழக்கைத் தீவிலேயே விசாரிக்க நீதிபதி வர முயன்றபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா முதலில் தடுத்தது. 2024 செப்டம்பரில் நீதிபதி வந்து முகாமை நேரில் பார்த்தார். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த டிசம்பரில் தீர்ப்பளித்தார். பெரும்பாலானவர்கள் அதே மாதம் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பத்திரிகையாளர்கள்கூட நுழைய முடியாதிருந்த ராணுவத் தீவில் அடைபட்டிருந்த அகதிகளுக்கு அங்கே ஒரு நீதிமன்றம் இருந்ததால்தான் கதவு திறந்தது.

சாகோஸ் மக்களுக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு அரசுகள் பேசின, பேச்சு மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. கையெழுத்தாக வேண்டிய நாளின் அதிகாலையில், டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் அது விலக்கப்பட்டது. உடன்படிக்கைப்படி அவர்களுக்காக 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி அமையும். மற்ற தீவுகளில் மீள்குடியேற்றம் நடத்த மொரீஷியஸுக்கு உரிமை உண்டு. அவர்களில் பலர் பிறந்த டியாகோ கார்சியா மட்டும் அதில் சேராது.