பழைய செரோக்கிக்குப் பலமான அச்சுகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரத் தொழிற்சாலையிலிருந்து 1984-ஆம் வருஷத்து மாதிரியாக வெளிவரத் தொடங்கி, 2001 வரையில் உருவத்தில் பெரிய மாறுதல் இல்லாமல் தயாரிக்கப்பட்டு வந்த ஜீப் செரோக்கி என்னும் நாற்சக்கர இயக்க வண்டி, அங்கே உற்பத்தி நின்று இத்தனை காலம் கழிந்த பின்னும், யூட்டா மாநிலத்து மோவாப் பிரதேசத்தின் செம்மணற் பாறைகளிலும், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து செல்லும் ரூபிக்கான் தடத்தின் கற்குவியல்களிலும் இன்றைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள் கொண்ட அதன் 4.0 லிட்டர் எஞ்சினைப் பற்றிச் சொந்தக்காரர்கள் குறை சொல்வது அபூர்வம். நீண்ட ஆயுளுக்கு அது பெயர் பெற்றது. அவர்களுடைய மனக்குறை எல்லாம் அந்த எஞ்சின் அளிக்கும் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் அச்சுகளைப் பற்றியே, அதிலும் விசேஷமாகப் பின் அச்சைப் பற்றியே.

அச்சு என்றவுடன் இரண்டு சக்கரங்களைக் கோத்துவைக்கும் ஓர் இரும்புத் தண்டு என்று சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். மோட்டார் வண்டியின் இயக்க அச்சோ மூன்று பொறுப்புகளை ஒருங்கே சுமப்பது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது முதலாவது. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் சுழன்றுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இயக்கத்தை, பினியன் என்னும் சிறிய பல்சக்கரமும் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரமும் ஒன்றோடொன்று பொருந்திக் குறுக்குவாக்கில் திருப்பி, வேகத்தைக் குறைத்துத் திருகு விசையைப் பெருக்கித் தருவது இரண்டாவது. மூன்றாவது டிஃபரன்ஷியலின் வேலை. தேர் வீதி முனையில் திரும்புகையில் வெளிப்பக்கத்து வடத்தைப் பிடித்தவர்கள் உட்பக்கத்தாரைவிட அதிக தூரம் நடந்தாக வேண்டியிருப்பதைப் போல, வளைவில் செல்லும் வண்டியின் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட வேகமாகச் சுழன்றாக வேண்டும். ஒரே எஞ்சினால் சுழற்றப்படும் இரு சக்கரங்களுக்கு இந்தச் சுதந்திரத்தைக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பை, நீராவி வண்டி ஒன்றுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒனெசிஃபோர் பெக்கேர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழில் நிபுணர் வகுத்துவிட்டார்.

இந்த அச்சின்மீது விழும் விசை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அன்றி, அதை ஏன் மாற்ற வேண்டும் என்பது விளங்காது. 1991-க்குப் பிந்தைய செரோக்கி எஞ்சினின் உச்சத் திருகு விசை சுமார் 305 நியூட்டன் மீட்டர். தானியங்கி கியர் பெட்டியின் முதல் கியர் அதனை 2.80 மடங்காக்குகிறது, பாறை ஏறும்போது போடுகிற தாழ்நிலைக் கியர் மீண்டும் 2.72 மடங்காக்குகிறது, அச்சுக்குள் இருக்கும் கிரவுனும் பினியனும் இன்னொரு 3.55 மடங்கு பெருக்குகின்றன. ஆக, 8,200 நியூட்டன் மீட்டருக்கும் மேற்பட்ட விசை சக்கரங்களை நோக்கிப் புறப்படுகிறது. சமதரையில் இதன் முழு உக்கிரத்தையும் அச்சு உணர்வதில்லை. ஏனெனில் தரையைப் பற்றும் எல்லை கடந்தால் டயர் வழுக்கிச் சுழன்று விசையை வெளியேற்றிவிடும். ஆனால் இரண்டு பாறைகளுக்கிடையே டயர் இறுகிக்கொண்டு அசைய இடமில்லாத நிலையில், ஓட்டுகிறவர் பொறுமை இழந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வழுக்க முடியாத அந்த விசை இரும்பை முறுக்கத் தொடங்குகிறது. சொந்தக்காரர் ஆசையாகப் பெரிய டயர் போட்டிருந்தாரானால் விஷயம் இன்னும் மோசம்: உயரமான டயர் அச்சின்மீது நீண்ட நெம்புகோலாக வேலை செய்கிறது, அதன் கனமும் பிடிப்பும் அதிகம். ஆகவே, அச்சின் கஷ்டகாலம் பெரும்பாலும் டயர் கடையிலேயே ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

பெரும்பாலான செரோக்கிகளில் தொழிற்சாலை பொருத்திய பின் அச்சு டேனா 35 என்பது. அதன் கிரவுன் பல்சக்கரத்தின் விட்டம் சுமார் 192 மில்லிமீட்டர். அச்சுத் தண்டின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர். தொழிற்சாலை கொடுத்த 28 அங்குல டயரோடு, நெடுஞ்சாலையிலும் மண்பாதையிலும் போகிற குடும்பத்துக்கு அது போதுமானதே. அதைப் பழிப்பது நியாயமன்று. ஆனால் 1990-ஐ ஒட்டிய காலம் முதல் அதில் இன்னொரு பலவீனமும் சேர்ந்துகொண்டது. தண்டின் உள்முனையில், டிஃபரன்ஷியலுக்குள்ளே, ஆங்கில ‘சி’ எழுத்தின் வடிவத்தில் மாட்டப்பட்ட ஒரு சிறு கிளிப்தான் அந்தத் தண்டையும் அதனோடு சக்கரத்தையும் வெளியே நழுவாமல் பிடித்துவைக்கிறது. தண்டு நடுவே ஒடிந்தால், பிடிமானம் இழந்த வெளிப்பாகம் சக்கரத்தோடும் பிரேக் டிரம்மோடும் கழன்று தனியே போய்விடக்கூடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லீஸ் எம்.பி. ஜீப்பின் பின் அச்சு இத்தகையதன்று; அதில் சக்கரம் அச்சுக் குழாயின்மேல் அமைந்த பேரிங்குகளில் சுழன்றபடியால், தண்டு ஒடிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நின்றது. கனரக லாரிகளில் இன்றும் காணப்படும் இந்தச் சிரேஷ்டமான முறை, செலவும் எடையும் கருதி இலகுரக வண்டிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துபோனது வருந்தத்தக்கதே.

மாற்று என்று யோசிக்கையில் மூன்று வழிகள் உண்டு. 1987 முதல் 1989 வரை, இழுவைக் கட்டமைப்போடு வாங்கிய சிலருடைய செரோக்கிகளில் டேனா 44 என்னும் பலமான அச்சு வந்தது. மிகவும் உத்தமமானது, மிகவும் அபூர்வமானது. பிந்தைய வண்டிகள் சிலவற்றில் வந்த கிரைஸ்லர் 8.25 அங்குல அச்சு, அதிலும் 1997-க்குப் பிந்தையது, எவ்விதக் கைவேலையும் இல்லாமல் அப்படியே மாட்டிக்கொள்ளக்கூடியது. நடுத்தர உபயோகத்துக்கு அதுவே போதும் என்று தயங்காமல் சொல்லலாம். மூன்றாவது, வேறொரு கம்பெனியின் வண்டியிலிருந்து வருவது: 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சு.

ஃபோர்டு அச்சுக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணங்கள் பல. அதன் கிரவுனின் விட்டம் சுமார் 223 மில்லிமீட்டர். தண்டின் விட்டம் சுமார் 33.5 மில்லிமீட்டர். மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு பிரமாதமா என்று கேட்கத் தோன்றும். முறுக்கைத் தாங்கும் சக்தி விட்டத்தின் கனத்தைப் பொறுத்து, அதாவது விட்டத்தை அதனாலேயே இருமுறை பெருக்கிய அளவைப் பொறுத்து உயர்வதால், அந்தச் சிறு வித்தியாசமே ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் வலிமையாகிறது. மேலும், டிரம் பிரேக்குக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் கூடவே வருகிறது. சேற்றிலும் நீரிலும் இறங்கி ஏறும் வண்டிக்கு அது பெரிய அனுகூலம். சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகள் அமைந்த வட்டமும் இரண்டு வண்டிகளுக்கும் ஒன்றே, நாலரை அங்குலம். அகலமும் ஏறத்தாழச் சமம். எக்ஸ்ப்ளோரர் லட்சக்கணக்கில் விற்பனையான வண்டியாதலால், பழைய இரும்புக் கிடங்குகளில் இந்த அச்சு சுலபமாகக் கிடைத்துவந்தது.

கிடைத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாகாது. முதலில் எண்ணெயை வடித்து அதில் இரும்புத் துகள் மினுக்குகிறதா, நீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தண்டுகளை உருவி, பேரிங் அமரும் இடத்தை விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்த அச்சில் பேரிங்கின் உருளைகள் தண்டின் மேற்பரப்பிலேயே நேரடியாக ஓடுகின்றன. அங்கே பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை புதிய பேரிங் போட்டாலும் பிரயோஜனமில்லை. அடுத்து, குழாய்கள் வளையாமல் நேராக இருக்கின்றனவா என்பதை நீண்ட நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துச் சோதிக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் பட்டறைக்காரரின் கைத்திறன் முழுவதும் தேவைப்படுகிறது. ஃபோர்டு வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் அமரும் மேடைகளை அறுத்தெடுத்துவிட்டு, செரோக்கியின் பட்டைகளுக்குப் பொருந்தும் புதிய மேடைகளை வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன்பாகப் பினியன் எந்தக் கோணத்தில் மேல்நோக்க வேண்டும் என்பதை, வண்டியின் முழு பாரமும் பட்டைகளின்மேல் இறங்கிய நிலையில் நிர்ணயித்தாக வேண்டும். கோணம் தவறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்கள் என்னும் சிலுவை வடிவ மூட்டுகள் அதிர்ந்து சீக்கிரத்தில் தேய்ந்துபோகும். வார்ப்பிரும்பாலான நடுக்கூட்டுக்குள் எஃகுக் குழாய்கள் செருகப்பட்டிருப்பதால், கடும் உபயோகத்தில் அவை கூட்டுக்குள்ளேயே திரும்பிவிடக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்து வெல்டிங் செய்வது வழக்கம். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பியால் சிறிது சிறிதாக வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் நிச்சயம். கைப்பிரேக்கின் கேபிள், பிரேக் எண்ணெய்க் குழாய், பினியனோடு ஷாஃப்டை இணைக்கும் ஃபிளாஞ்ச் ஆகியவையும் ஒத்துப்போகும்படி மாற்றப்பட வேண்டியவை. இந்த அச்சிலும் தண்டைப் பிடித்துவைப்பது ‘சி’ கிளிப்தான் என்பதை மறைக்கக்கூடாது. தண்டு பருமனானதால் ஒடிவது குறைவு, அவ்வளவே.

பின் அச்சை மாற்றியதோடு காரியம் முடிந்ததென்று எண்ணியவர்கள் பலர் சிக்கிக்கொள்வது பல்விகிதத்தில், அதாவது கிரவுனும் பினியனும் விசையைப் பெருக்கும் மடங்கில். நாற்சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைக்கப்படுவதால், இரு அச்சுகளின் பல்விகிதமும் ஒன்றாக இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, இடையிலுள்ள பல்சக்கரங்களை நாசமாக்கும். 33 அங்குல டயர் போட்ட வண்டிக்குப் பழைய சுறுசுறுப்பு திரும்ப வேண்டுமானால் 3.55-க்குப் பதில் ஏறத்தாழ 4.10 என்ற விகிதம் தேவை. பின்னே 4.10 விகிதமுள்ள எக்ஸ்ப்ளோரர் அச்சைத் தேடிப் பிடித்தால், முன்னே நான்கு சிலிண்டர் செரோக்கி ஒன்றின் 4.10 விகித அச்சை முழுதாகவே எடுத்துப் பொருத்துவது சிக்கனமான மார்க்கம். இல்லையேல் கிரவுனையும் பினியனையும் புதிதாக அமைக்க வேண்டும். அது மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற அளவில் இடைவெளி பார்த்து, பற்களில் நிறச்சாந்து பூசிச் சுழற்றி, படியும் தடத்தைக் கண்டு தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் செய்ய வேண்டிய நுட்பமான வேலை; அனுபவஸ்தரிடம் விடுவதே உசிதம்.

செரோக்கியின் முன் அச்சான டேனா 30 உருவத்தில் சிறியதாயினும் ஒரு நற்குணம் உடையது. 1999 வரை வந்தவற்றில் பினியன் உயரத்தில் அமைந்து, முன்னோக்கிச் செல்கையில் பற்களின் பலமான முகமே விசையைத் தாங்குகிறது. மிதமான டயர்களுக்கு, தண்டுகளையும் அவற்றின் கிராஸ்களையும் பலப்படுத்திக்கொண்டால் போதும். எங்கும் எதுவும் ஒடியவே கூடாதென்று எல்லாவற்றையும் உறுதியான கலப்பு எஃகால் மாற்றுகிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: தண்டு ஒடியாவிட்டால் விசை கிரவுனின் பற்களைத் தேடிப் போகும். மலை நடுவே கிராஸை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கிரவுனை மாற்றுவது நடவாத காரியம். ஒடிந்தால் சுலபமாக மாற்றத்தக்க பாகத்திலேயே பலவீனத்தை அறிந்து விட்டுவைப்பதுதான் விவேகம். 35 அங்குல டயரும் அதற்கு மேலும் ஆசைப்படுகிறவர்கள் முன் அச்சையும் டேனா 44-ஆக மாற்ற வேண்டிவரும். அப்போது, தனிச் சட்டம் இல்லாமல் தகட்டு உடற்கூட்டையே ஆதாரமாகக் கொண்ட செரோக்கியின் அடிப்பாகத்துக்கும் எஃகுத் தகடுகள் வைத்து வலுவூட்ட வேண்டும். எந்த டயர், எந்தத் தடம் என்பதை முதலிலேயே தீர்மானித்து, அங்கேயே நின்றுகொள்வது நல்லது.

நம் நாட்டில் இதைப் பின்பற்ற விரும்புவோர் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆயினும் மஹிந்திரா கம்பெனி 1947-இல் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைக் கோக்கத் தொடங்கிய நாள் முதலாக நம் மலைகளில் அந்த வம்சத்து வண்டிகள் ஓடிவருகின்றன. சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்பவையும் ஜீப்புகளே. அத்தகைய வண்டிக்கு அச்சை மாற்றாமலே செய்யத்தக்க சீர்திருத்தங்கள் உண்டு. உரிய அளவு டயரையே வைத்துக்கொள்வது ஒன்று. அச்சின் மூச்சுக்குழாயை உயரத்துக்கு நீட்டிவைப்பது மற்றொன்று. சூடேறிய அச்சு ஓடையில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரில் மூழ்கிய மூச்சுக்குழாயின் வழியேயும் எண்ணெய் சீல்களின் வழியேயும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. இது தெரியாமல் கெட்டுப்போன கிரவுன்கள் பாறையில் உடைந்தவற்றைவிடக் குறைவாக இரா என்றே நினைக்கிறேன்.

புதிய கிரவுனும் பினியனும் அமைத்த வண்டியை முதல் நாளே மலைக்கு ஓட்டிப்போகக் கூடாது. பற்கள் ஒன்றோடொன்று இழைந்து பழகும் வரை கடுஞ்சூடு உண்டாவதால், பாரமில்லாமல் கால் மணி, அரை மணி ஓட்டி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். சுமார் 800 கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை வடித்துப் புதிதாக நிரப்பி, அச்சைப் பட்டைகளோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முடுக்கிவிட வேண்டும்.