இணையவழிக் கல்வியும் தனிவழிகாட்டியும்

கல்வி பயிலும் முறையைக் கூறப்புகுந்த பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்திலே ஒரு கணக்குக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் எத்துணை நன்றாக உளங்கொண்டாலும் அதனால் அவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வோரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் போதே நிரம்பும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே இக்கணக்கை வகுத்தபோது, ஆசிரியனும் உடன் பயில்வோரும் ஓரிடத்தில் இருத்தல் இயல்பாகக் கொள்ளப்பட்டது. இருவருமின்றிக் கணினியின் முன்னே தனித்திருந்து கற்கும் ஒருவனுக்கு இக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்?

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, பரந்தன் முல்லைத்தீவு நெடுஞ்சாலையில் அமைந்துள்ள புதுக்குடியிருப்பைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் வாதப்பொருளன்று. 2009 ஆம் ஆண்டிலே போரின் இறுதிக் கட்டத்தில் வெறுமையாகிப் பின்னர் மக்கள் மீளக் குடியேறிய ஊர் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது; வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும், அவற்றினுட் புகும் இடங்கள் சில. புக விரும்புவோர் பலர். வெட்டுப்புள்ளியைச் சிறிதளவால் தவறவிட்ட இளைஞர்க்கு வலைத்தள ஆக்கம் ஒரு வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கையிற் பட்டம் உண்டா என்று கேளாது, செய்து முடித்த வேலையைக் காட்டுக என்று கேட்போர் மிக்க தொழில்களுள் அது ஒன்று.

1989 ஆம் ஆண்டிலே, சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். வலைப்பக்கம் ஒன்றின் எலும்புக்கூட்டை எச்.ரி.எம்.எல். அமைக்கும், அதற்கு உடையும் அணியும் பூட்டுவது சி.எஸ்.எஸ்.; அதனை இயங்கச் செய்வது 1995 ஆம் ஆண்டிலே பிரண்டன் ஐக் இயற்றிய ஜாவாஸ்கிரிப்ற். இம்மூன்றையும் கற்பதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. 2014 ஆம் ஆண்டிலே தொடங்கிய பிறீகோட்காம்ப் முதலியன பாடங்களை இலவசமாகவே வழங்குகின்றன.

அங்ஙனமாயின், கற்றவர் தொகை பெருகியிருத்தல் வேண்டுமன்றோ? நிகழ்ந்தது வேறு. ஹாவாட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரி. நிறுவனமும் இணையத்தில் நடாத்திய பாடநெறிகளை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, 2017-18 இற் பதிவு செய்தோருள் நூற்றுக்கு மூவரளவினரே பாடநெறியை நிறைவு செய்தனர் எனக் காட்டிற்று. பொழுதுபோக்காகப் பதிந்தோரைக் கழித்து நோக்கினும் இக்குறைவு பெரிதே. பாடத்திற் குறையில்லை, கற்போர் யாவரும் சோம்பரெனலும் பொருந்தாது. குறை எங்கேயுள்ளது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம்.

புதுக்குடியிருப்பிலே தன் தந்தையாரின் பலசரக்குக் கடைக்கு விலை கூட்டும் பக்கமொன்றை ஆக்க முயலும் மாணவி ஒருத்தியைக் கருதுக. இரண்டு பெட்டிகள், ஒன்றில் 50, மற்றதில் 30 இடப்படுகின்றன. கூட்டும் பொத்தானை அழுத்தினால் 80 வரவேண்டும். வருவதோ 5030! அவள் பாடப்படத்தை மீண்டும் பார்க்கின்றாள். அதிற் காட்டியவாறே தானும் எழுதியதாகத் தோன்றுகின்றது. இரவு கழிகின்றது. அடுத்த நாள் அவள் அப்பக்கத்தைத் திறப்பதில்லை.

காரணம் எளிது. பெட்டியில் இடப்பட்டவற்றை ஜாவாஸ்கிரிப்ற் எண்ணாகக் கொள்வதில்லை. எழுத்துக்களின் கோவையாகவே கொள்ளும். எண்கள் இரண்டைக் கூட்டற்குறி கூட்டும். எழுத்துக் கோவைகள் இரண்டை ஒட்டிவைக்கும். இதனை அறிந்த ஒருவர் அருகிலிருப்பின், எண்ணாக மாற்றும் கட்டளையைத் தாமே எழுதிவிடலாம், பக்கமும் இயங்கும். மறுவாரம் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தைப் பதியும்போது, அம்மாணவி தான் கற்ற மருந்தை அங்கேயும் இடுவாள். 077 எனத் தொடங்கும் இலக்கம் எண்ணாக மாறியதும் முன்னின்ற சுழியத்தை இழந்து 77 எனத் தொடங்கும்! மருந்து கிடைத்தது; நோய் இன்னதென்று தெரியவில்லை. நல்ல வழிகாட்டியோ கட்டளையை எழுதாது, “அந்தப் பெட்டிக்குள் இருப்பது எண்ணா, எழுத்தா? பார்த்துச் சொல்லும், பிள்ளை” என்று மட்டும் கேட்பார். அவள் பார்த்துச் சொல்லும் அக்கணத்திலேயே பாடம் நிகழ்கின்றது.

ஆராய்ச்சியும் இதற்குச் சான்றாகும். அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, தனியாசிரியரிடம் கற்ற சராசரி மாணாக்கன் வழக்கமான வகுப்பிற் கற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெண்மரை விஞ்சினான் என எழுதினார். இம்முடிவு பெரிதும் போற்றப்பட்டது; சற்று மிகையாகவே போற்றப்பட்டது எனலாம். 2011 இற் கேர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோது, புளூம் கண்ட பயனில் ஐந்தில் இரண்டு பங்கே எஞ்சிற்று. ஆயினும் அதுவே பெரும்பயன். அப்பயன் தனியாசிரியரின் சொற்பெருக்கால் விளைவதன்று என்பதே வான்லேன் கண்டவற்றுட் சிறந்தது. மாணாக்கன் எடுத்துவைக்கும் அடிதோறும் அது சரியோ பிழையோ என அறிவித்து, பிழையெனின் அவனே அதனைத் திருத்துமாறு துணைநிற்றலே பயன் தருவது என அவர் விளக்கினார்.

இற்றை நாளிற் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எவ்வினாவிற்கும் நொடியில் விடையளிக்கின்றன. வழிகாட்டி எதற்கு என்று கேட்போர் உளர். துருக்கி நாட்டிலே உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் ஏறத்தாழ ஆயிரவரைக் கொண்டு நடாத்தப்பட்டு 2024 இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடையாகின்றது. கணிதப் பயிற்சியின்போது அத்தகைய பொறியைத் தடையின்றிப் பயன்படுத்தியோர், பயன்படுத்தாதாரைவிட நூற்றுக்கு 48 பங்கு மேலாகச் செய்தனர். பொறியை நீக்கித் தேர்வு வைத்தபோதோ 17 பங்கு பின்தங்கினர். விடையை நேரே கூறாது குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த பொறியிடம் பயின்றோர்க்கு அத்தீங்கு பெரும்பாலும் நேரவில்லை. எனவே விடை தருவது மனிதரா, பொறியா என்பதன்று வேறுபாடு. மாணவியின் கையிலிருந்து எழுதுகோலைப் பறித்துத் தாமே எழுதும் வழிகாட்டியும் அப்பொறிக்கு ஒப்பானவரே.

இத்தகைய தனிக்கல்வி நம்மவர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியிலே பிள்ளைகள் ஒருங்கிருப்பினும் பாடம் ஒருங்கு நடவாது. ஒவ்வொருவனும் தன் ஏட்டிலே தான் நின்ற இடத்திலிருந்து ஆசிரியரிடம் தனித்தனியே பாடங் கேட்டான். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1787 ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்த அன்றூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தி, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்தார். அது சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்து சென்று பரவியது. செலவைக் குறைக்கும் சூழ்ச்சியாகவே அங்குப் பலர் அதனைக் கொண்டமை வேறு கதை.

இணையத்திலே இம்முறையைக் கட்டணம் பெற்று வழங்கியோரும் உளர். இலவசமாக வழங்குவோரும் உளர். 2012 இல் நியூயோர்க்கிலே தோன்றிய திங்க்புல் நிறுவனம் மாணாக்கன் ஒருவனுக்கு வழிகாட்டி ஒருவர் என்பதையே தன் சிறப்பாகக் கொண்டது. அத்தகைய கட்டணங்கள் டொலரிற் கணிக்கப்படுவன. இலங்கையிலே 200 ரூபாவளவில் நின்ற டொலர் 2022 இல் 360 ரூபாவை அண்மியதை நினைப்போர்க்கு, அவ்வழி வன்னிக் குடும்பமொன்றிற்கு எத்துணை அரிதென்பது விளங்கும். கத்ரீனா ஓவன் 2013 இல் தொடங்கிய எக்சர்சிசத்திலோ, மாணாக்கன் எழுதி அனுப்பிய நிரலைத் தன்னார்வலர் வாசித்துக் குறிப்பு எழுதுகின்றனர், கட்டணமில்லை.

எழுத்துமூலமான இவ்வழிகாட்டலே வன்னிக்குப் பெரிதும் ஏற்றது. முகம் பார்த்துப் பேசுவதற்கு மின்சாரமும் இணைப்பும் இருபுறத்தும் ஒரே வேளையில் வேண்டும். 2022 மார்ச்சு இறுதியிலே நாடெங்கும் நாளொன்றிற்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிகழ்ந்ததை யாரும் மறந்திலர். எழுதிய நிரலோ மின்சாரம் மீளும்வரை காத்திருக்கும். வாரத்திற்கு ஒருமுறை நேரிற் பேசுதலும் வேண்டற்பாலதே. புதுக்குடியிருப்பில் இரவு எட்டு மணியாகும்போது இலண்டனிற் பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. ரொறன்ரோவில் முற்பகல் ஒன்பதரை அல்லது பத்தரை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேளை இருசாரார்க்கும் பொருந்தும். கணினித் துறையிற் பணிபுரியும் புலம்பெயர்ந்த தமிழரும், இக்கல்லூரியினின்று சென்ற பழைய மாணவரும், பணத்தினும் பயனுடையதாக ஈயத்தக்கது அந்த ஒரு மணிநேரம்.

தமிழறிந்த வழிகாட்டிக்குத் தனித்த பயன் ஒன்றும் உண்டு. புதுக்குடியிருப்பு என்னும் பெயரை எண்ணினால் ஒன்பது எழுத்து. ஜாவாஸ்கிரிப்றோ பதினெட்டு என்று எண்ணும். உயிர்க்குறியையும் புள்ளியையும் வெவ்வேறாகக் குறிக்கும் யுனிகோட் முறையே காரணம். ஊர்ப்பெயர் எழுதும் பெட்டிக்குப் பன்னிரண்டு எழுத்தே எல்லையென விதித்து, ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுப் பார்த்தவர்க்கு யாதொரு குறையுந் தோன்றாது. மாணவி தன் ஊரின் பெயரை இட்டதும் அது “புதுக்குடியி” என்று அறுந்து நிற்கும். நிரலிற் பிழையில்லையே என்று அயல்நாட்டு வழிகாட்டி மயங்கக்கூடும். தமிழர் கண்டவுடன் காரணத்தை ஊகிப்பார்.

அவளிடம் அடுத்த ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வருவான். அவன் பக்கமும் 5030 என்றே காட்டும். விசைப்பலகையைத் தன்பால் இழுத்துத் திருத்திவிட அவள் கை விரையும். அதனை அடக்கிக்கொண்டு, “பெட்டிக்குள் இருப்பது எண்ணா, எழுத்தா?” என்று அவள் கேட்கும் நாளிலேதான் பவணந்தியார் கூறிய எஞ்சிய அரைப்பங்கு அவளுக்கு வந்து சேரத் தொடங்கும்.